ஒரு வாசலில் மட்டும் நிற்கும் பைக்

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் உள்ள கரையில் பிழைப்பு என்பது உப்பும் கயிறும் வெயிலும். களப்போரத்து உப்பளத்தில் உப்பு வாருபவர், வாடியில் கருவாட்டுக்கு மீன் கிழிப்பவர், கரைவலைக் கயிறு இழுப்பவர் என்று யார் கையை விரித்துப் பார்த்தாலும் கீறல், வெடிப்பு, காய்ப்பு. கீறலில் உப்புத் தண்ணீர் பட்டால் எரியும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு நாள் எரியாமல் போனால் அதைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே தொழுநோய் ஒருவரிடம் வந்து சேரும்போது பல வேளைகளில் ஒரு தொல்லை குறைந்ததுபோலத்தான் வருகிறது.

அதன் கிருமி உடம்பில் குளிர்ந்த இடங்களைத் தேடும்: தோல், தோலை ஒட்டி ஓடும் நரம்புகள், மூக்கின் உட்புறம். முழங்கையின் பின்பக்கத்தை எங்காவது இடித்துக்கொண்டால் சுரீரென்று விரல் நுனிவரை பாயுமே, அந்த நரம்பு அதற்கு மிகவும் பிடித்தமானது. அது கெட்டால் சிறுவிரலும் மோதிர விரலும் மரத்து, பிறகு மெல்ல உள்நோக்கி மடங்கும். கயிறு உராய்ந்து தோல் கழன்றாலும் தெரியாது. சுடுசட்டியை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, கொப்புளம் எழும்பிய பிறகே பார்ப்பார்கள். விரல்கள் அழுகி விழுகின்றன என்று ஊரில் சொல்வதைக் கிருமி நேராகச் செய்வதில்லை. நோவு தெரியாத கையை நாளும் பொழுதும் வேலைக்குக் கொடுத்ததால் வந்த புண்ணும், அந்தப் புண்ணில் ஏறிய வேறு கிருமிகளும் சேர்ந்து செய்வது அது. 1940களின் கடைசியிலிருந்து வேலூரில் மடங்கிய கைகளை அறுவை செய்து விரித்துக்கொடுத்த டாக்டர் போல் பிராண்ட் உலகத்துக்குச் சொன்ன பெரிய விஷயம் இதுதான்.

கிருமியை நோர்வேயின் பேர்கன் நகரில் ஹன்சன் கண்டறிந்தது 1873இல். ஒன்று இரண்டாவதற்கு ஏறக்குறைய 2 வாரம் எடுத்துக்கொள்ளும் சோம்பேறிக் கிருமி. உள்ளே போனது வெளியே அடையாளம் காட்டச் சராசரியாக 5 வருடம். சிலருக்கு 20 வருடமும் ஆகும். நூற்றுக்கு 95 பேரின் உடம்பு அதைத் தானாகவே விரட்டிவிடும். மருந்து எடுக்காத நோயாளி ஒருவரோடு நெடுநாள் நெருங்கி, ஒரே காற்றைச் சுவாசித்துக் கிடந்தால்தான் தொற்றும். மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அவரிடமிருந்து மற்றவருக்குப் போவது நின்றுவிடும். இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய்த் தம்ளரைத் தனியாக எடுத்து வைப்பார்கள்.

மாத்திரை என்றால் மூன்று மருந்துகள் சேர்ந்த அட்டை. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. இலங்கைக்கு 1980களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். 1995 முதல் உலகம் முழுக்க இலவசம். இவ்வளவு நல்ல மருந்துக்கும் ஒரு குறை உண்டு. மாதம் ஒரு தடவை விழுங்கும் ரிபம்பிசின் அன்றைக்குச் சிறுநீரைச் சிவப்பாக்கும், அதையாவது மறைத்துக்கொள்ளலாம். குளோபசிமின் தோலைக் கறுக்க வைக்கும். மருந்து நின்ற பிறகு நிறம் திரும்பும், ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும். பெண் பார்க்க வருகிறவர்கள் நிறத்தை முதலில் கேட்கும் ஊர்களில், இருபது வயதுப் பெண்ணொருத்தி திடீரென்று கறுத்துப் போவதை ஒழுங்கை முழுவதும் கவனிக்கும். நோய் காட்டிய உணர்விழந்த படை அவள் முதுகில் இருந்தது, யாரும் கண்டதில்லை. குணப்படுத்த வந்த மருந்து முகத்தில் எழுதிக் காட்டிவிட்டது.

இந்த விஷயத்தில் அரசாங்கம் செய்த நல்ல காரியம் ஒன்றை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. 2001இலிருந்து தொழுநோய்ச் சிகிச்சை பொது மருத்துவ சேவைக்குள் சேர்ந்துவிட்டது. தோல் கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்கு எக்சிமா, ஒருவருக்குப் படர்தாமரை, ஒரு பிள்ளைக்குச் சொறி, ஒருவருக்குத் தொழுநோய். யாருக்கு எது என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. தனிக் கதவு இல்லை, தனி நாள் இல்லை. இந்த வாங்கு காத்துக்கொடுத்த மானம் சின்னதில்லை என்பேன். பிரசங்கத்தால் ஆகாத வேலையை ஒரு வரிசை செய்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் காத்த இந்த இரகசியம் ஒழுங்கையில் போய் உடைகிறது.

எனக்கு ஒரு ராத்தாவைத் தெரியும். ஊர் வேண்டாம், பெயரும் வேண்டாம். கருவாட்டு வாடியில் மீன் கிழித்து, உப்புத் தொட்டியில் அமுக்கி, வெயிலில் விரிக்கிற வேலை. 12 மாத அட்டையையும் விழுங்கி முடித்துவிட்டார். நோய் என்று இப்போது எதுவும் இல்லை. இடது கையின் சிறுவிரல் மட்டும் மடங்கியே நிற்கிறது. கத்தியை வலது கையிலும் மீனை அந்த மடங்கிய கையிலும் பிடித்துக்கொண்டு, பேச்சுக்கு நடுவிலே பாரையை முதுகு வழியாக ஒரே இழுப்பில் பிளந்துவிடுவார். நோயைப் பற்றிக் கேட்டால் காய்ச்சல் வந்துபோன கதைபோலச் சொல்கிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்த நாளைப் பற்றிப் பேசும்போதுதான் கத்தி நிற்கிறது.

"வந்தவரக் குறை சொல்ல ஏலாது தம்பி. நல்ல மனிசன். புள்ளைகள்ட முதுகப் பாத்தாரு, கையப் பாத்தாரு, ஒண்ணுமில்லண்டு சொன்னாரு. ஆனா அவர்ட பைக் எங்கட வாசல்ல நிண்டிச்சே. முழு ஒழுங்கையிலயும் எங்கட வாசல்ல மட்டும். டெங்குக்கு வாறெண்டா எல்லா வீட்டுக்கும்தானே போறாரு. இதுக்கு மட்டும் ஏன் ஒரு வீடு?"

பரிசோதகர் வந்தது சரியான காரியம். ஒரு நோயாளியைக் கண்டுபிடித்தால் அவரோடு நெருங்கி இருப்பவர்களைப் பார்க்க வேண்டும். அவர்களில் யாருக்காவது உணர்விழந்த படை இருந்தால், விரல் மடங்குவதற்கு முன் மாத்திரை கொடுத்துவிடலாம். குடும்பத்தில் சிறுபிள்ளை இருந்தால் இது இன்னும் முக்கியம். அந்த வருகை இல்லாமல் நோயை நிறுத்த வழியில்லை. ஆனால் ஊரின் பழியும் அதே முகவரிக்குத்தான் வருகிறது. சுகாதாரத் திணைக்களத்தின் பதிவேட்டில் 'வீடு' என்று இருப்பதும், கலியாணப் பேச்சில் 'அந்த வீடா?' என்று கேட்பதும் ஒரே வீட்டைத்தான். சரியான வேலையும் தவறான வேலையும் ஒரே வாசலில் வந்து நிற்கும்போது வீட்டிலிருப்பவர் எதைத் தடுப்பார்? இரண்டையும் தடுப்பார். கதவைச் சாத்திக்கொள்வார்.

அந்த ராத்தாவுக்கு மன்னாரில் கட்டிக்கொடுத்த ஒரு தங்கச்சி உண்டு. போய் எத்தனையோ வருடம். அக்காவின் கூரைக்குக் கீழே ஒரு மாதம் சேர்ந்தாற்போலப் படுத்ததில்லை. செய்தி எப்படியோ மன்னாருக்குப் போய், தங்கச்சியின் மாமியார் போன் எடுத்துச் சுற்றி வளைத்து விசாரித்திருக்கிறார். வாடியில் அதே உப்புத் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று, ஒரே வெற்றிலைத் தட்டில் கை போட்டு, வருடக்கணக்காக முகத்துக்கு முகம் பேசிக்கொண்டே வேலை செய்த இன்னொரு பெண்ணும் உண்டு. அவரைப் பற்றி எவரும் எதுவும் கேட்கவில்லை.

கிருமி காற்றிலும் நெருக்கத்திலும் போகிறது. பழி இரத்தத்தில் போகிறது. இரண்டுக்கும் வரைபடம் வேறு. நோய் தாயிடமிருந்து பிள்ளைக்குப் பிறப்போடு இறங்குவதில்லை. அதை எதிர்க்கிற பலம் சில குடும்பங்களில் சற்றுக் குறைவாக இருக்கலாம், ஆய்வுகளும் அப்படிச் சொல்கின்றன. ஆனால் கிருமியோடு நெருங்கி இருக்காதவருக்கு அந்தக் குறைவால் ஒன்றும் நேரப்போவதில்லை. மன்னாரில் இருக்கும் தங்கச்சிக்கு ஆபத்து மிகக் குறைவு, அவமானம் நிறைய. தொட்டிக்கு எதிரே நின்றவருக்கு ஆபத்து கொஞ்சம், அவமானம் சுத்தமாக இல்லை. அவமானம் இல்லாததால் அவர் முதுகைப் பார்க்கவும் ஆள் இல்லை.

இந்தப் பழி எப்போதும் வீட்டின் மேல் இவ்வளவு பாரமாக உட்கார்ந்திருந்ததா என்று யோசித்தால், பழைய ஏற்பாட்டின் கொடூரம் வேறொரு விதமாகத் தெரியவருகிறது. 17ஆம் நூற்றாண்டில் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தர்தான் 1708இல் களனி கங்கை முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஹெந்தலைத் தொழுநோய் ஆஸ்பத்திரியையும் அமைத்தார்கள். ஆங்கிலேயர் 1901இல் கட்டளைச் சட்டமொன்றைக் கொண்டுவந்து, நோயாளரைப் பிடித்து வைப்பதைச் சட்டத்தின் வேலையாக்கினார்கள். கிழக்கில் மட்டக்களப்பு வாவிக்கு நடுவே மாந்தீவு. படகு இல்லாமல் போகவும் முடியாது, வரவும் முடியாது. ஆள் போய்விடுவார். வீடு மிஞ்சும். கொழும்பில் வேலை, கப்பலில் போனவர் திரும்பவில்லை, செத்துப்போனார் என்று எதையாவது சொல்லி வீட்டார் தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்வார்கள். ஒருவரை உயிரோடு மௌத்தாக்கி மற்ற எல்லாரும் ஊரில் தலைநிமிர்ந்து நடப்பதுதான் அந்த ஏற்பாடு. அதனால்தான் மருந்து வந்து, குணமாகி, கதவு திறந்த பிறகும் ஹெந்தலையில் பலர் அங்கேயே இருந்து முதுமையடைந்து செத்தார்கள். செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஆள் திரும்பிப் போய் எந்த வாசலில் நிற்பது?

இன்றைக்கு எவரையும் எங்கும் கொண்டுபோவதில்லை. நோயாளி வீட்டிலேயே இருந்து, வேலைக்குப் போய், மாத்திரை எடுக்கிறார். இதைவிட மனிதத்தனமான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் முன்பு தீவுக்கும் மதிலுக்கும் உள்ளே அடைந்து கிடந்த பழி வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. அதைச் சுமக்க மனைவியும் மகளும் தங்கச்சியும் கிடைத்திருக்கிறார்கள். மதிலை இடித்தவர்கள் இதற்கென்று எதையும் ஆயத்தம் செய்து வைக்கவில்லை.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட தீர்மானமொன்று, தொழுநோயால் பாதிக்கப்பட்டோருக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும் எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான கோட்பாடுகளை வரவேற்றது. குடும்பத்தார் என்பதைத் தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். பிரிக்கப்பட்ட குடும்பங்களை மீண்டும் சேர்த்துவைக்க அரசுகள் உதவ வேண்டும் என்றும் அதில் உண்டு. இந்தத் தீர்மானத்துக்கு முன்னின்றது ஜப்பான். அதற்கு அங்கே காரணமும் இருந்தது. 1907இல் தொடங்கிய அந்த நாட்டின் பிரித்துவைப்புச் சட்டம் 1996இல்தான் நீங்கியது. நோயாளர் தொடுத்த வழக்கில் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் 2001இல் அரசைப் பொறுப்பாளியாக்கியது. அதே நீதிமன்றம் 2019 ஜூனில், நோயாளரின் பிள்ளைகளும் சகோதரங்களும் தொடுத்த வழக்கில், குடும்பங்களுக்கு நேர்ந்த கெடுதிக்கும் அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. பள்ளியில் ஒதுக்கப்பட்டது, கலியாணம் முறிந்தது, வேலை கிடைக்காதது எல்லாம் வழக்கில் வந்தன. அரசு மேன்முறையீடு செய்யவில்லை. அந்த வருட முடிவுக்குள் நட்டஈட்டுச் சட்டம் வந்தது.

அந்த வழக்கில் 500க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். மிகப் பெரும்பாலானோர் தங்கள் பெயரை வெளியே சொல்லவில்லை. பாகுபாட்டுக்கு எதிராக நாட்டையே தோற்கடித்தவர்களுக்கு, வென்றது நான்தான் என்று பக்கத்து வீட்டில் சொல்ல முடியவில்லை. இந்தியா 2019இல் தொழுநோயை மணமுறிவுக்கான காரணங்களின் பட்டியலிலிருந்து எடுத்தது. அதற்கு முந்தி 2016இல் 1898ஆம் ஆண்டின் பழைய சட்டத்தையும் நீக்கியது. நல்லது. சட்டத்தை எடுக்க ஒரு நாள் போதும். மாமியாரின் போன் அழைப்பை எந்தப் பாராளுமன்றமும் தடைசெய்ய முடியாது.

இலங்கையில் நடந்தது வேறொன்று. 1990 வாக்கில் வானொலி, தொலைக்காட்சி, பத்திரிகை எல்லாவற்றிலும் பெரிய பிரசாரம்: படை இருந்தால் காட்டுங்கள், மாறும். பயமுறுத்தாமல் சொன்னதால் ஆட்கள் தாங்களாகவே வந்தார்கள். கண்டுபிடிக்கப்பட்ட நோயாளர் தொகை ஒரேயடியாக எகிறியது. இது வெற்றி. பிறகு 10,000 பேருக்கு 1க்கும் குறைவு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையை நாடு 1995இல் எட்டியது. அந்த எல்லை, ஒரு குறித்த நேரத்தில் மருந்தில் இருக்கும் நோயாளரை எண்ணும் கணக்கு. மருந்துக் காலம் சுருங்கினாலே கணக்கும் சுருங்கும். புதிதாக வருபவர்களின் தொகை சுருங்கவில்லை. அதன் பிறகும் நாட்டில் ஒவ்வொரு வருடமும் 1,000க்கு மேல், பல வருடங்களில் 2,000ஐ நெருங்கி, புதிய நோயாளர். ஆனால் ஊரில் அது முடிந்துபோன நோய். பத்திரிகையில் இல்லை, தொலைக்காட்சியில் இல்லை, இளம் டாக்டர்கள் பலரின் கண்ணிலும் இல்லை. முடிந்துபோனது ஒரு வீட்டில் மட்டும் இருக்கிறதென்றால் அந்த வீட்டில் ஏதோ பிழை இருக்க வேண்டும் என்றுதானே ஊர் நினைக்கும்? சளிக்காய்ச்சல் எல்லா வீட்டிலும் வருவதால் எந்த வீட்டுக்கும் பெயர் கெடுவதில்லை.

இந்தக் கரை இருக்கும் புத்தளம் மாவட்டத்துக்கு இதில் தனிப் பங்கு ஒன்று உண்டு. நோயாளரோடு நெருங்கி இருந்தவர்களுக்கு, நோய் வருவதற்கு முன்பே ஒரேயொரு வேளை ரிபம்பிசின் கொடுத்தால் என்ன என்று ஏழு நாடுகளில் செய்து பார்த்தார்கள். இலங்கையில் அதற்குத் தெரிவான மாவட்டங்கள் இரண்டு: களுத்துறை, புத்தளம். 2015 முதல் 2019 வரை ஏழு நாடுகளிலுமாக 1,74,000க்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்து, 1,51,928 பேருக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். பரிசோதித்தவர்களில் 810 பேருக்கு நோய் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. இல்லாவிட்டால் விரல் மடங்கிய பிறகு தெரிந்திருக்கும். மாத்திரை வேண்டாம் என்றவர்கள் 100க்கு 1க்கும் குறைவு. சனங்கள் பயந்து ஓடுவார்கள், எங்கள் வீட்டுக்கு வராதே என்பார்கள் என்று மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் நினைத்திருக்கக்கூடும். சனங்கள் ஓடவில்லை. 2018இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் வழிகாட்டலில் சேர்த்துக்கொண்டது. நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவரைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு.

நிபந்தனை நல்லதுதான். ஆனால் ஒரு கடற்கரை ஒழுங்கையில் அந்தச் சம்மதம் என்னவென்று யோசிக்க வேண்டும். "உங்கள் அயலவருக்கும் மாத்திரை கொடுக்கலாமா?" என்று பரிசோதகர் கேட்கிறார். நான் ஆம் என்றால் அயலவரின் பிள்ளை காப்பாற்றப்படும், என் மகளின் பேச்சு முறியலாம். இல்லை என்றால் மறுபக்கம். இந்தத் தராசை நோயாளி கையில் கொடுத்துவிட்டு, அவர் சுதந்திரமாக முடிவெடுத்தார் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வது எனக்கு அவ்வளவு நேர்மையாகப் படவில்லை.

இந்தக் கரைக்கு வீடுகளுக்குப் பெயர் வைப்பது புதிதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் 2 மணித்தியால அவகாசம். 70,000க்கு மேற்பட்டவர்கள், பெரும்பகுதியினர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடைப்பட்ட இந்த மணலில்தான் வந்து இறங்கினார்கள். புத்தளத்தார் சோறு போட்டார்கள், நிலம் கொடுத்தார்கள்; அதை யாரும் மறக்க முடியாது. ஆனால் கிடுகுக் குடில் கல்வீடாகி, இங்கேயே பிறந்த பிள்ளை இங்கேயே படித்து முடித்த பிறகும் அது 'அகதி வீடு'தான். வந்தவர் வாப்பா, பெயர் பேரனுக்கு. நோய் மாறியவரின் வீட்டுக்கு நடப்பதும் இதே முறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது: காரணம் போய்விடும், பெயர் காணி உறுதியோடு சேர்ந்து கைமாறும். இடம்பெயர்ந்து வந்த ஒருவருக்குத் தொழுநோயும் வந்தால் அவருக்கு இரண்டு பெயர்.

மறுபடி மாத்திரைக்கு வருகிறேன். ஒரேயொரு வேளை ரிபம்பிசினின் பலனை வங்காளதேசத்தின் வடமேற்கில் ஒரு பெரிய ஆய்வு முன்பே சோதித்துப் பார்த்திருந்தது. 2008இல் முடிவு வந்தது. முதல் 2 வருடத்தில் நோய் வரும் வாய்ப்பை அந்த மாத்திரை 57 வீதம் குறைத்தது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு விவரம். மாத்திரை நன்றாக வேலை செய்தது, நோயாளியின் வீட்டுக்குள்ளே இருந்த இரத்த உறவினரிடம் அல்ல. சற்றுத் தள்ளியிருந்த அயலவரிடமும் பழகியவர்களிடமும். வீட்டுக்குள் இருப்பவர் ஏற்கெனவே நிறையக் கிருமியை வாங்கியிருப்பார், அவருக்கு ஒரு மாத்திரை போதாமல் போகலாம். அப்படியென்றால் ஒரு வீட்டோடு நிற்பது மருத்துவக் கணக்குப்படியும் அரைவேலை. அந்த ராத்தா கேட்ட கேள்வியில், ஏன் ஒரு வீடு மட்டும் என்பதில், மானத்தோடு மருத்துவமும் இருக்கிறது.

இந்தோனேசியாவில் செலாரு என்ற தீவின் லிங்காட் கிராமத்தில் இதை வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். யார் நோயாளி, யார் சொந்தம், யார் அயல் என்று பிரிக்காமல் ஊர் முழுவதையும் பரிசோதித்து, தகுதியான எல்லாருக்கும் மாத்திரை. எந்த வாசலிலும் தனியாக ஒருவர் நிற்கவில்லை. எவரிடமும் சம்மதம் என்ற பெயரில் தராசைக் கொடுக்க வேண்டியும் இருக்கவில்லை.

இங்கே இதைச் சொன்னால் முதலில் வரும் பதில் ஆளணி இல்லை, காசு இல்லை என்பது. பொய்யில்லை, பொருளாதாரம் கவிழ்ந்த பிறகு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் பாடு எல்லாருக்கும் தெரியும். ஆனால் டெங்குக்கு வீடு வீடாகப் போகிறார்களே. தேங்காய்ச் சிரட்டையையும் பழைய டயரையும் புரட்டிப் பார்க்க வளவுக்குள் வருகிறவர், உணர்வில்லாத படை யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டு, ஒரு படத்தைக் காட்டிவிட்டுப் போகலாம். பாடசாலைப் பிள்ளைகளை மருத்துவப் பரிசோதனைக்கு வரிசையில் நிறுத்தும்போது கண்ணையும் பல்லையும் பார்ப்பதோடு தோலையும் பார்க்கலாம். ஆஸ்பத்திரி வாங்கில் செய்த காரியத்தை ஒழுங்கைக்குக் கொண்டுவருவதுதான் இது. கூட்டத்துக்குள் ஒருவரை ஒளித்து வைத்தே மருந்து கொடுப்பது.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஊர் முழுவதையும் பரிசோதித்தால் ஊர் முழுவதற்கும் பெயர் வரும். நாளைக்கு 'அந்தப் பக்கத்துப் பெண்ணா?' என்று ஒட்டுமொத்தமாகக் கேட்பார்கள். சில சிற்றூர்களில் இந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் எந்தக் கிராமத்தில் அதிகம் என்ற பட்டியலைப் பத்திரிகைகள் பெயர் போட்டு எழுதுவதை நான் வெறுக்கிறேன். ஆனால் ஒரு வீட்டின் மேல் விழும் பழியையும் 300 வீடுகளின் மேல் விழும் பழியையும் சமமாக நிறுக்க முடியாது. 300 வீடுகளுக்குப் பள்ளிவாசல் இருக்கிறது, கோயில் இருக்கிறது, பிரதேச சபை உறுப்பினர் இருக்கிறார், சண்டை போட ஆள் இருக்கிறது. ஒரு வீட்டுக்குக் கதவைச் சாத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

வீடு என்ற கணக்கே உதவாத இடம் ஒன்றும் இந்தக் கரையில் உண்டு. சோளகம் எழும்பி மேற்குக் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் இங்கிருந்து ஒரு பகுதியினர் வலையையும் எஞ்சினையும் லொறியில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய் வாடி அடிப்பார்கள். ஒரு வாடிக்குள் பத்துப் பதினைந்து பேர். இடித்துக்கொண்டு படுக்கை, ஒரே சட்டியில் கறி, மழை பெய்தால் படங்கை இறக்கி மூடிக்கொண்டு முழு இரவும் ஒருவர் மூச்சு ஒருவர் மேல். மாதக்கணக்கில் இப்படி. அவர்களில் ஒருவருக்குத் தொழுநோய் என்று பிறகு தெரியவந்தால் பரிசோதகர் அவருடைய வீட்டு முகவரிக்குப் போவார். அங்கே மனைவியும் பிள்ளைகளும், வருடத்தில் பாதி நாள் அவரைக் காணாதவர்கள். ஒழுங்கை அவர்களைப் பார்க்கும். வாடியில் பக்கத்துப் பாயில் படுத்தவர் வேறோர் ஊரில், வேறொரு பணிமனையின் எல்லைக்குள் இருப்பார். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் வராது. அவருடைய மகளின் கலியாணம் தடையில்லாமல் நடக்கும், அவருடைய முதுகிலுள்ள படையும் தடையில்லாமல் பரவும்.

அந்தப் பெயர்கள் எங்கும் இல்லாமல் இல்லை. வலைக்கும் படகுக்கும் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் இருக்கின்றன. யார் எத்தனை நாள் தொழிலுக்கு வந்தார், யாருக்கு எவ்வளவு பங்கு, யார் எவ்வளவு முற்பணம் எடுத்தார் என்று கொப்பியில் எழுதி வைத்திருப்பார். சீசன் முடிந்து கணக்குத் தீர்க்கிற நாளில் அந்தக் கொப்பியில் உள்ள அத்தனை பேரும் அவர் முற்றத்தில் நிற்பார்கள், பெரும்பாலும் சட்டை இல்லாமல். பரிசோதகர் அன்றைக்கு வரலாம்.